மெஷின் இருக்கு, ஸ்ட்ரிப் இல்ல

தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் குளுக்கோமீட்டர் இப்போது அரிய பொருள் அல்ல. மகன் வாங்கிக் கொடுத்தது, பரிசாக வந்தது, ஸ்ட்ரிப் டப்பாவோடு சேர்த்துக் கடைக்காரர் கொடுத்தது என்று எப்படியோ ஒன்று வந்து சேர்ந்துவிடுகிறது. முதல் வாரம் வீட்டில் எல்லோர் விரலிலும் குத்திப் பார்ப்பார்கள். தாத்தா, பாட்டி, பேச வந்த எதிர்வீட்டுக்காரர் என்று ஒருவரையும் விடுவதில்லை. டப்பா காலியாகும். அடுத்த டப்பாவின் விலையைக் கேட்டதும் மீட்டர் தன் கறுப்புப் பையோடு பீரோவுக்குள் போய்விடும். "மெஷின் இருக்கு சார், ஸ்ட்ரிப்தான் இல்ல." மருத்துவர்கள் நாள்தோறும் கேட்கும் பதில் இது.

இந்த உரையின் பொருள் அந்த ஸ்ட்ரிப்தான். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களில் யாருக்கு வீட்டுச் சோதனை கட்டாயம் வேண்டும், யாருக்கு அவ்வளவு வேண்டாம், கட்டாயம் வேண்டியவருக்கு அது ஏன் கைக்கு எட்டவில்லை என்பதே கேள்வி.

நோயின் பரப்பை முதலில் பார்த்துவிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. 1,13,043 பேரைச் சோதித்த ஆய்வு அது. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர், அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர் என்று அது கணக்கிட்டது. கோவாவிலும் புதுச்சேரியிலும் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு இந்த நோய் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதைவிட உறைக்கிற எண் இன்னொன்று உண்டு. 2020இல் மாநில அரசு நடத்திய தொற்றாநோய்க் கணக்கெடுப்பில், சர்க்கரை நோய் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 விழுக்காடு மட்டுமே. அதன் பிறகுதான், 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகப் போய் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொடுக்கிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் கட்டுக்குள் இருப்போர் 16.7 விழுக்காடாக உயர்ந்தார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் ஆறு பேரில் ஐந்து பேருக்குச் சர்க்கரை இன்னும் கட்டுப்படவில்லை. மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. அந்த மாத்திரை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்க்கும் வழி அந்த வாசலுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

தன் ரத்தத்தைத் தானே சோதிப்பது நோயாளிக்கு எளிதில் கிடைத்த உரிமை அல்ல. நெடுங்காலம் சிறுநீரைத்தான் சோதித்தார்கள். பெனடிக்ட் கரைசலில் சில சொட்டுச் சிறுநீரை விட்டுச் சூடாக்கினால், சர்க்கரையின் அளவுக்கேற்ப நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், கடைசியில் செங்கல் நிறமாகும். பள்ளி ஆய்வகத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பார்கள். இந்தச் சோதனைக்கு ஒரு பெரிய குறை உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டிய பிறகுதான் அது சிறுநீரில் இறங்கும். 170 இருந்தாலும் நீலம், 50 இருந்தாலும் நீலம். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழப் போகிறவருக்கும் அந்தக் குழாய் 'நல்லாத்தான் இருக்கு' என்றே சொல்லும்.

1965இல் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற பட்டையைக் கொண்டுவந்தது. ஒரு சொட்டு ரத்தத்தை விட்டு, ஒரு நிமிடம் கழித்துக் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். 1970இல் அதே நிறுவனம் அந்த நிறத்தைப் படித்து எண்ணாகக் காட்டும் கருவியை வெளியிட்டது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, நூற்றுக்கணக்கான டாலர் விலை, மின் இணைப்பு வேறு வேண்டும். மருத்துவமனைகளுக்காகச் செய்யப்பட்ட கருவி அது. அதை வீட்டுக்குக் கொண்டுபோன ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் ஒரு பொறியாளர். பன்னிரண்டு வயதிலேயே முதல் வகைச் சர்க்கரை நோய்க்கு ஆளானவர். விளம்பரத்தைப் பார்த்துக் கருவியை விலைக்குக் கேட்டார். நோயாளிக்கு விற்பதில்லை என்று பதில் வந்தது. அவர் மனைவி மருத்துவர். மனைவியின் பெயரில் வாங்கினார். நாளைக்குப் பலமுறை சோதித்து, எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது, எவ்வளவு இன்சுலின் எவ்வளவு இறக்குகிறது என்று எழுதிவைத்தார். கண்டதைக் கட்டுரையாக்கி மருத்துவ இதழ்களுக்கு அனுப்பினார். மருத்துவர் அல்லாதவரின் கட்டுரைக்கு அங்கே இடமில்லை. நாற்பது வயதைத் தாண்டியபின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்து மருத்துவரானார். 2025இல் காலமானபோது அவருக்கு வயது 90.

1978இல் பிரிட்டனில் இரண்டு மருத்துவக் குழுக்கள், நோயாளிகளால் வீட்டில் தாமே சோதித்துக்கொள்ள முடியும், அதனால் கட்டுப்பாடு மேம்படுகிறது என்று லான்செட் இதழில் எழுதின. அதன் பிறகே கதவு திறந்தது. 1987இல் பேனா அளவுக் கருவி வந்தது. நிறத்தைப் படிப்பதை விட்டு மின்சாரத்தை அளக்கும் முறை அதில் இருந்தது. இன்று கடையில் கிடைக்கும் மீட்டர்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே.

அந்த முறையைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. ஸ்ட்ரிப்பின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கால்வாய் இருக்கிறது. ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம் போதும், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே பூசியிருக்கும் நொதி ரத்தத்தின் குளுக்கோஸோடு வினைபுரியும்போது எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவை மின்முனைக்கு வந்து சேர்வதால் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. குளுக்கோஸ் கூடினால் மின்னோட்டமும் கூடும். மீட்டர் அதை அளந்து, ஐந்து விநாடியில் எண்ணாகக் காட்டுகிறது. ஆக, உண்மையான ஆய்வகம் ஸ்ட்ரிப்புக்குள்தான் இருக்கிறது. மீட்டர் அந்தக் கணக்கைப் படித்துச் சொல்வதோடு சரி.

நொதி என்பது உயிர்ப்பொருள். வெப்பமும் ஈரமும் அதற்கு ஆகாது. பெரும்பாலான டப்பாக்களில் 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். கத்திரி வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ ஓட்டு வீட்டுக்குள் அந்த டப்பாவை எங்கே வைப்பது? சிலர் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார்கள். வெளியே எடுத்துத் திறந்ததும் காற்றின் ஈரம் உள்ளே படிந்து ஸ்ட்ரிப் கெடும். வீட்டின் குளிர்ந்த மூலையில், அடுப்பங்கரைக்கும் சன்னலுக்கும் எட்டத்தில் வைப்பதே சரி. ஒன்றை எடுத்தவுடன் மூடியை அழுத்தி மூடிவிட வேண்டும். மூடியிலோ டப்பாவின் உட்சுவரிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருப்பார்கள். பத்துப் பத்தாகப் பிரித்துத் தாளில் மடித்துக் கொடுத்தால் அந்தக் காப்பு போய்விடும். காசில்லாதவருக்கு உதவுவதாக நினைத்து அப்படிப் பிரித்துக் கொடுப்பவர்கள் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் அந்த ஸ்ட்ரிப் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

விரலையும் கவனிக்க வேண்டும். ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில், ஆரஞ்சு, திராட்சை, கிவிப் பழங்களை உரித்த கையோடு விரலில் குத்தியபோது மீட்டர் பொய்யாக மிக உயர்ந்த எண்ணைக் காட்டியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் அது முழுதாகச் சரியாகவில்லை. தண்ணீரில் கழுவிய பிறகுதான் உண்மை எண் வந்தது. மாம்பழக் காலத்தில் நம் வீடுகளில் இது எத்தனை முறை நடக்கும்! 'பழம் சாப்பிடவே இல்ல, பேரனுக்கு நறுக்கித்தான் குடுத்தேன், சுகர் முந்நூறு காட்டுது' என்று பாட்டி பயந்துபோவதற்குச் சோப்பும் தண்ணீரும்தான் மருந்து.

'லேபில் ஒரு எண், மெஷினில் ஒரு எண்' என்பது எல்லோரும் சொல்லும் குறை. இதற்கும் காரணம் உண்டு. உலகத் தரக்கட்டளைப்படி, சர்க்கரை நூறும் அதற்கு மேலும் இருக்கும்போது, நூற்றில் 95 சோதனைகள் ஆய்வக எண்ணிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். உண்மை அளவு 200 என்றால் மீட்டர் 175 காட்டினாலும் 225 காட்டினாலும் அது பழுது அல்ல. சாப்பிட்ட பிறகு விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை, கை நரம்பில் எடுக்கும் ரத்தத்தைவிட இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். ரத்தசோகை இருந்தால் மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆகவே ரத்தம் குறைந்த ஒரு பெண்ணுக்கு மீட்டர் 80 காட்டும்போது உண்மை அதற்கும் கீழே இருக்கக்கூடும். மீட்டர் விற்கும் எவரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. மருத்துவமனையில் சொல்ல நேரம் இருப்பதில்லை.

இனிக் காசுக் கணக்கு. கடையில் ஒரு ஸ்ட்ரிப் இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சற்று மலிவானதும் உண்டு, விலை கூடியதும் உண்டு. நாளைக்கு இரண்டு வேளை பார்த்தால் மாதம் 1,200 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாயாக இருந்தது. மூன்றரை நாள் கூலி ஸ்ட்ரிப்புக்கே போய்விடும். அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம். அந்த இன்சுலினை எவ்வளவு போடுவது என்று தெரிந்துகொள்ள வேண்டிய ஸ்ட்ரிப்பை நோயாளி கடையில்தான் வாங்க வேண்டும். மருந்து இலவசமாகவும் மருந்தின் அளவைச் சொல்லும் கருவி விலைக்கும் இருக்கும் இந்த ஏற்பாடு எந்த நியாயத்தில் சேரும்?

அதோடு பூட்டு ஒன்றும் போட்டிருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் மீட்டரில் இன்னொரு நிறுவனத்தின் ஸ்ட்ரிப் வேலை செய்யாது. மீட்டரை மலிவாகவோ இலவசமாகவோ கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பில் காசு பார்ப்பதே உலகெங்கும் இந்தத் தொழிலின் வழக்கம். 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் குளுக்கோமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளின் வணிக லாபத்துக்கு 70 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் மீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. இருபது ரூபாய் ஸ்ட்ரிப்பில் இதனால் குறைவது ஒன்றேகால் ரூபாய். வரவேற்க வேண்டியதுதான், ஆனால் கூலிக்காரர் கணக்கு இதில் மாறிவிடாது.

இத்தனை செலவு செய்து எல்லோரும் தினமும் குத்திப் பார்க்கத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியை மருத்துவ உலகம் நேர்மையாகவே கேட்டிருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் இன்சுலின் போடாத இரண்டாம் வகை நோயாளிகள் 450 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு சோதிக்கவே இல்லை, ஒரு குழு நாளைக்கு ஒருமுறை சோதித்தது, இன்னொரு குழுவுக்குச் சோதனையோடு அறிவுரைக் குறிப்பும் மீட்டரிலேயே வந்தது. ஒரு வருடம் கழித்து மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் ஏ1சி அளவில் மூன்று குழுவுக்கும் வேறுபாடு இல்லை. 2017இல் வெளிவந்த முடிவு இது. வட அயர்லாந்தில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 184 பேரிடம் நடந்த ஆய்வு 2008இல் வந்தது. அங்கும் கட்டுப்பாட்டில் பலன் இல்லை. சோதித்தவர்களுக்கு மனச்சோர்வு அளவுகோலில் மதிப்பெண் ஆறு விழுக்காடு கூடியதுதான் மிச்சம். 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, முதல் ஆறு மாதத்தில் சிறு பலன் இருக்கிறது, ஒரு வருடத்தில் அதுவும் தேய்ந்துவிடுகிறது என்றது.

இந்த முடிவுகளை மறைத்துவிட்டு 'எல்லோருக்கும் ஸ்ட்ரிப் கொடு' என்று கேட்பது சரியல்ல. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு, சர்க்கரை ஒரு நிலையில் இருப்பவர், தினமும் காலையில் விரலைக் குத்தி 118, 124, 121 என்று எழுதிக்கொண்டிருப்பதால் அவருக்கு எதுவும் கூடிவிடாது. 124 வந்த நாளில் கவலையும் 118 வந்த நாளில் இரண்டு இட்லி கூடுதலும்தான் நடக்கும். ஆனால் இந்த ஆய்வுகளை வேறோர் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போவதுதான் தவறு. அவை எல்லாமே இன்சுலின் போடாதவர்களைப் பற்றியவை. சோதித்தால் ஏ1சி குறையுமா என்பதே அவற்றின் முதன்மைக் கேள்வி. சோதிக்க வழியில்லாதவர் சர்க்கரை தாழ்ந்து எங்கே விழுந்தார் என்பது அவற்றின் முதன்மைக் கேள்வி அல்ல.

அந்தத் தாழ்சர்க்கரையைப் பற்றித்தான் நம் ஊரில் போதுமான அளவு பேசுவதில்லை. மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் அப்படியல்ல. சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மருந்துகள் அவை. விலை மலிவு, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் பரவலாகக் கொடுக்கப்படுபவை. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கு வேலையிடத்துக்கு வந்து சேரும் பதினோரு மணிவரை செங்கல் சுமப்பவரை நினைத்துப் பாருங்கள். படபடப்பு, வேர்வை, கைநடுக்கம், பார்வை மங்கல். உடன் வேலை செய்பவர்கள் 'வெயில்ல மயக்கம்' என்பார்கள், 'பிரஷரா இருக்கும்' என்பார்கள். 'குடிச்சிருக்கான்' என்றும் சொல்லிவிடுவார்கள். ஸ்ட்ரிப் இருந்தால் ஐந்து விநாடியில் 52 என்று தெரியும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் உயிர் தப்பும். (ஸ்ட்ரிப் இல்லாவிட்டால் எண்ணுக்காகக் காத்திருக்கவே கூடாது. நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும், நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.)

தனியே இருக்கும் முதியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சிறுநீரகம் தளர்ந்தால் இந்த மருந்துகள் உடம்பில் தங்கும் நேரம் நீளும். உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிளிபென்கிளமைடு பொருந்தாது என்றே குறித்திருக்கிறது. ஆண்டுக் கணக்கில் நோய் இருப்பவர்களுக்கு, சர்க்கரை தாழும்போது வரும் வேர்வை, படபடப்பு என்ற எச்சரிக்கை மணியே அடங்கிப்போவதும் உண்டு. இரவில் நடப்பது யாருக்கும் தெரியாது. காலையில் தலைவலி, நனைந்த தலையணை. வெறும் வயிற்றில் எடுத்த லேப் சோதனையில் எண் உயர்ந்திருந்தால், இரவு தாழ்ந்ததைப் பார்க்காமலே மாத்திரையைக் கூட்டிவிடும் அபாயமும் இருக்கிறது.

யாருக்கு வீட்டுச் சோதனை தேவை என்பதை மற்ற நாடுகள் எப்படி வரையறுத்தன என்று பார்க்கலாம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி, இரண்டாம் வகை நோயாளிகளுக்கு வழக்கமாக வீட்டுச் சோதனை கொடுக்க வேண்டாம் என்கிறது. அதே மூச்சில், இன்சுலின் போடுபவர், தாழ்சர்க்கரை வந்தவர், தாழ்சர்க்கரையை உண்டாக்கக்கூடிய மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வண்டியோ எந்திரமோ ஓட்டுபவர், கர்ப்பிணி ஆகியோருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் இன்சுலின் போடுபவருக்கு மூன்று மாதத்துக்கு 300 ஸ்ட்ரிப், மற்றவருக்கு 100 ஸ்ட்ரிப் என்று கணக்கு. இரண்டு நாட்டிலும் குறைகள் இருக்கின்றன, முணுமுணுப்புகளும் இருக்கின்றன. ஆனாலும் யாருக்குத் தேவை என்று ஒரு வரிசை இருக்கிறது. இந்தியாவில் அந்த வரிசையைப் பணப்பை தீர்மானிக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடும் வசதியானவர் நாளைக்கு மூன்று முறை பார்க்கிறார். அவரிடம் இப்போது மேற்கையில் ஒட்டும் சென்சாரும் வந்துவிட்டது, இரண்டு வாரத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். காலையும் இரவும் இன்சுலின் போடும் தறித் தொழிலாளி மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போகிற அன்று மட்டும் பார்க்கிறார். அதற்கும் முந்தின இரண்டு நாள் சோற்றைக் குறைத்துக்கொண்டு போகிறார்.

தினமும் குத்துவது, குத்தவே குத்தாமல் இருப்பது என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் 483 பேரிடம் நடந்து 2011இல் வெளிவந்த ஸ்டெப் என்ற ஆய்வு அதைக் காட்டியது. இன்சுலின் போடாத, ஆனால் சர்க்கரை கட்டுப்படாத நோயாளிகள் அவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன் தொடர்ந்து மூன்று நாள் மட்டும் சோதிப்பார்கள். ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்னும் பின்னும், படுக்கும் முன்பும், ஆக நாளைக்கு ஏழு முறை. ஒரே தாளில் குறித்துக் கோடு இழுத்து மருத்துவரிடம் காட்டுவார்கள். அந்தக் கோட்டைப் படிக்க மருத்துவருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களின் ஏ1சி 1.2 குறைந்தது, ஒப்பீட்டுக் குழுவில் 0.9. இவர்கள் பயன்படுத்தியதோ குறைவான ஸ்ட்ரிப்புகள். கணக்குப் போட்டால் மூன்று மாதத்துக்கு 21 ஸ்ட்ரிப், கடை விலையில் 420 ரூபாய். காலை இட்லிக்குப் பிறகு ஏறுகிறதா, மதியச் சோற்றுக்குப் பிறகா, இரவு எட்டு மணி தோசைக்குப் பிறகா என்பது அந்த மூன்று நாளில் தெரிந்துவிடும். ரமலான் நோன்பு வைப்பவர்களுக்கும் இப்படி ஒரு திட்டம் மிகவும் உதவும். சோதனைக்காக விரலில் குத்துவது நோன்பை முறிக்காது என்பதை மார்க்க அறிஞர்கள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வழியில் எண் தன் வேலையைச் செய்யக் காரணம், அதைப் பார்த்து முடிவெடுக்க மறுமுனையில் ஒருவர் இருந்தார் என்பதுதான். வீட்டுச் சோதனை எட்டாக்கனியாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது. 240 வந்தால் என்ன செய்வது, 65 வந்தால் என்ன செய்வது, இன்சுலினை இரண்டு யூனிட் குறைக்கலாமா, யாரைக் கேட்பது? இதற்குப் பதில் இல்லாதவருக்கு ஸ்ட்ரிப்பை இலவசமாகக் கொடுத்தாலும் பயம்தான் மிஞ்சும். நோட்டில் எண் எழுதிக்கொண்டு போகிறவரிடம் அந்த நோட்டை வாங்கிப் பார்க்காமலே 'லேப் ரிப்போர்ட் எங்கே' என்று கேட்கும் புறநோயாளிப் பிரிவுகள் நிறைய. கூட்டத்தில் மருத்துவருக்கு ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான். பயிற்சி பெற்ற செவிலியர் அந்த நோட்டைப் படித்து, கவலைக்குரிய பக்கத்தை மடித்து மருத்துவரிடம் அனுப்ப முடியும். அதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை.

ஸ்ட்ரிப்பை மலிவாக்கவும் தமிழ்நாட்டுக்கு வழி தெரியும். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் வேண்டிய மருந்தை ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்கி, கிடங்குகள் வழியே அனுப்பும் அமைப்பு அது. மருந்து விலை சரிந்தது, மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றின. ஸ்ட்ரிப்பையும் அதே வழியில் பெருமளவில் வாங்கினால் விலை இறங்காமல் இருக்காது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஒப்பந்தத்தில் மீட்டரின் விலையைப் பார்க்காமல், ஐந்து ஆண்டுக்கான ஸ்ட்ரிப்பின் விலையைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நாற்பது டிகிரி வெயிலில் கிடங்கிலும் கிராமத்து வீட்டிலும் ஸ்ட்ரிப் தாங்குகிறதா என்று சோதித்துவிட்டு வாங்க வேண்டும். உள்நாட்டிலேயே மலிவாகச் செய்யும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. பிலானி பிட்ஸின் ஹைதராபாத் வளாகமும் மும்பை ஐ.ஐ.டி.யும் உருவாக்கிய கருவிகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முன்னின்று வெளியிட்டது. அறிவிப்போடு நின்றுவிடாமல் அவை கிராமம்வரை போய்ச் சேர, நிலையாக வாங்கும் ஒரு பெரிய கை வேண்டும். அந்தக் கை அரசுக்குத்தான் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் 2023இல் தன் அத்தியாவசியச் சோதனைகள் பட்டியலில், நோயாளி தானே பயன்படுத்தும் சர்க்கரைச் சோதனைக் கருவிகளைச் சேர்த்துவிட்டது. ஆதலால் இது ஆடம்பரக் கோரிக்கை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

இன்னொரு செய்தி, தூய்மைப் பணியாளர்களை நினைத்துச் சொல்ல வேண்டியது. குத்தூசியை அப்படியே குப்பையில் போடுகிறோம். அது வெறுங்கையால் குப்பை பிரிக்கிறவரின் விரலில் ஏறுகிறது. கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து மூடி, தனியாகக் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரிப் கொடுக்கும் இடமே அந்தப் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இடமாகவும் இருக்கலாம். அதேபோல ஒரு தெருவுக்கு ஒரு மீட்டர் என்று பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் குத்தும் பேனாவையும் ஊசியையும் பகிரவே கூடாது. ஹெப்படைட்டிஸ் பி அந்த வழியில் பரவும்.

யாரிடமிருந்து தொடங்குவது என்பதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர்களுக்கு எந்த வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் இன்சுலின் வாங்குபவர்களின் பெயர்கள் இருக்கின்றன. முதலில் இன்சுலின் போடுபவர்கள், அடுத்து கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடும் அறுபது வயதைத் தாண்டியவர்கள், மூன்றாவதாகக் கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள பெண்கள். இவர்களுக்கு மாத்திரைப் பையோடு ஒரு மூடிய ஸ்ட்ரிப் டப்பாவும், எந்த எண் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு தாளும், அழைத்துக் கேட்க ஒரு தொலைபேசி எண்ணும் போக வேண்டும். மற்றவர்களுக்கு, மருத்துவரைப் பார்க்கும் வாரத்தில் மூன்று நாளுக்கு 21 ஸ்ட்ரிப் கொடுக்கலாம். ஒரு மாவட்டத்தில் ஓராண்டு செய்து பார்த்தால், ஸ்ட்ரிப்புக்கு ஆன செலவையும், தாழ்சர்க்கரையோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்க முடியும். அந்தக் கணக்கைச் சட்டமன்றத்தில் வைத்து, அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஸ்ட்ரிப்புக்கென்று தனித் தலைப்பில் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம்.